ஸ்டாப்பரா ஆடினவன் கோச் ஆக முடியுமா? சிவில் முடிச்சவன், வயசு 27

பூத்துறை_நாலாம்நம்பர்:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இங்க சும்மா வாசிச்சிட்டு மட்டும் போறவன், இன்னைக்குதான் மொதல்ல எழுதுறேன், நீண்டு போச்சுன்னா திட்டாதீங்க.

ஊரு தூத்தூர் பக்கம், கடலோர எட்டு ஊர்ல ஒண்ணு. சின்ன வயசுலருந்து ஸ்டாப்பர் பேக்தான், கோலுக்கு முன்னால நடுவுல நின்னு தடுக்குற ஆளு. உயரம் இருக்குன்னு அங்க கொண்டு நிப்பாட்டினாங்க, அப்பிடியே நின்னாச்சு. காலேஜ் டீம், ஊர் கிளப்பு, அப்புறம் ரெண்டு சீசன் மலப்புறம் பக்கம் செவன்ஸ் (ஏழு பேர் ஆட்டம்), எல்லாம் ஆடியாச்சு. பி.இ. சிவில் முடிச்சு இப்ப நாகர்கோவில்ல ஒரு கான்ட்ராக்டர்கிட்ட சைட் இன்ஜினியர். சம்பளம் வெளிய சொல்லுற மாதிரி இல்ல. காலைல ஏழு மணிக்கு கான்கிரீட் போடுறாங்கன்னா அஞ்சரைக்கே பஸ் ஏறணும், சாயங்காலம் வந்து கிரவுண்டுல எறங்கும்போ வெளிச்சம் போயிருக்கும்.

விஷயம் என்னன்னா போன மாசம் பெருநாள் டோர்னமெண்ட்ல செமி ஃபைனல், 1-1, கடைசி அஞ்சு நிமிசம். ஒரு ஷாட்ட எங்க கோலி (கோல்கீப்பர்) தட்டி விட்டான், பந்து மேல எழும்பி எனக்க நேரா எறங்குது, பத்து வருசமா கண்ண மூடிட்டு தலையால அடிச்சு தள்ளுற பந்து. சாடினேன். மேல போய்ட்டு இருக்கும்போதே பின்னாலருந்து ஒரு பொடியன், பிளஸ் டூ படிக்கிறவனாம், எனக்க தோளுக்கு மேல அவனுக்க நெஞ்சு தெரியுது, அவ்வளவு உயரம், ஒரு தட்டு, கோல். எங்க ஊர் ஆளுங்களே கை தட்டிட்டாங்க. அவன் மேல எனக்கு கோவமே வரல, அடுத்த நாள் சைட்டுல கம்பி எண்ணிட்டு நிக்கும்போ அதுதான் பயமா இருந்துது. கோவம் வரலன்னா ஆட்டம் முடிஞ்சுதுன்னுதான அர்த்தம்? வலது முட்டும் பழைய மாதிரி இல்ல.

மாமா ஷார்ஜாவுல இருக்காரு, விசா எடுத்து தாறேன்னு சொல்லுறாரு. அப்பா முப்பது வருசம் ஆழ்கடல் தங்கல் (நாள் கணக்குல கடல்லயே தங்கி மீன் பிடிக்கிறது) போனவரு, அவரு ஒண்ணும் பேச மாட்டாரு, ஆனா அம்மா தினமும் பேசுது. எனக்கு மனசு கோச்சிங்ல கிடக்கு. ஊர்ல கூட்டாளிங்ககிட்ட சொன்னா சிரிக்கானுவ. கார்டியோலா, அன்சலோட்டி, சிமியோனி, சிடான் எல்லாம் மிட்ஃபீல்டர், நீ பந்த பாத்தா வெளிய அடிக்கிற ஆளு, உனக்கு என்னத்த தெரியும்ங்கானுவ. நிசமாவே ஸ்டாப்பரா இருந்து பெரிய கோச் ஆனவன் யாராவது இருக்காங்களா? வேலைய விட்டுட்டுதான் இதுல எறங்கணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


வள்ளவிளை_பெரியண்ணன்:

தம்பி, நான் கப்பல்ல இருக்கேன், நெட்டு கிடைக்கும்போதுதான் எழுத முடியும், அதனால மொத்தமா எழுதிடுறேன்.

உனக்க அந்த பொடியன் சாடின கதைய வாசிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துட்டுது, தப்பா எடுக்காத. ஏன்னா அந்தே கதை அப்பிடியே இன்னொருத்தனுக்கு நடந்திருக்கு. மனுவேல் பெல்லக்ரினி. சிலி நாட்டுக்காரன், 1953ல பிறந்தவரு, ஸ்டாப்பர் பேக். 1973லருந்து 1986 வரைக்கும் ஒரே கிளப், யூனிவர்சிடாட் டி சிலி, வேற ஜெர்சியே போடல. நாட்டுக்கு 28 மேட்ச். 1986ல ஒரு மேட்ச்ல உன்னய மாதிரியே கோலி தட்டின பந்துக்கு சாடுறாரு, ஒரு பேரு தெரியாத பொடியன் இவருக்க தலைக்கு மேல சாடி அடிச்சிட்டான். இந்த பயலே நம்மள தாண்டி சாடுறான்னா போதும்டான்னு அதோட ஆட்டத்த நிறுத்திட்டாரு. அந்த பொடியன் யாருன்னு நினைக்க? இவான் சமோரானோ. பின்ன ரியல் மாட்ரிட்ல போய் 1994-95 சீசன்ல 28 கோல் அடிச்சு ஸ்பெயின்லேயே அதிகம் அடிச்சவன். அவன் இவ்வளவு பெரிய ஆளா வருவான்னு தெரிஞ்சிருந்தா நான் அன்னைக்கு நிறுத்தியிருக்க மாட்டேன்னு பெல்லக்ரினி பிற்பாடு சிரிச்சிட்டே சொல்லுவாரு. அதனால உனக்க தோளுக்கு மேல வந்தவன் எந்த ஊருன்னு விசாரிச்சு வை.

இனி அடுத்தத கேளு. அவரும் சிவில் இன்ஜினியர். சும்மா பேருக்கு இல்ல, சாண்டியாகோவுல கத்தோலிக்க பல்கலைக்கழகத்துல படிச்சு 1979ல டிகிரி வாங்கினவரு. இதுல ஒரு தமாசு, அந்த பல்கலைக்கழகத்துக்க பேருல இருக்க கிளப்புதான் இவரு ஆடின கிளப்புக்கு பரம எதிரி. பகல்ல எதிரி காலேஜ்ல கிளாஸ், மத்த நேரம் அவனுங்கள தோக்கடிக்க பிராக்டீஸ். நம்ம ஊர்ல இப்பிடி பண்ணினா ரெண்டு பக்கமும் அடி கிடைக்கும். இன்னைக்கும் அவர கூப்பிடுற பேரே இன்ஜினியர்தான். அதனால படிச்சது வீணா போகும்னு அம்மா சொன்னா இந்த ஆளுக்க போட்டோவ காட்டு.

அவருக்கு குருன்னா பெர்னாண்டோ ரியேரா, 1962 வேர்ல்டு கப்ல சிலிய மூணாவது இடத்துக்கு கொண்டுவந்த கோச். கோச்சிங் பக்கம் இவர இழுத்ததுல அவருக்கு பெரிய பங்கு உண்டு.

ஆனா எடுத்த எடுப்புல என்ன நடந்துதுன்னா, மொத வேலையே தன்னுக்க சொந்த கிளப்புல, 1988 சீசன். அந்த கிளப்பு சரித்திரத்துலேயே மொத தடவையா ரெண்டாம் டிவிஷனுக்கு எறங்கிட்டு. பதிமூணு வருசம் எந்த ஜெர்சிக்கு ஆடினாரோ அந்த கிளப்ப இவரே கோச்சா இருந்து எறக்கி விட்டாரு. நம்ம ஊர்னா அடுத்த ஞாயிறு பூசைக்கு போக முடியுமா? சர்ட்டிபிகேட் கைல இருக்கு, பேசாம பில்டிங் கட்ட போயிருக்கலாம். போகல. சிலிக்குள்ள சின்னதும் பெருசுமா நாலு கிளப், ஒருக்க அந்த பரம எதிரி கத்தோலிக்காவுக்கும் கோச். அப்புறம் 1999ல எக்வடார் போய் எல்.டி.யூ. கிட்டோவ சாம்பியன் ஆக்கினாரு, பிறகு அர்ஜென்டினா. 2001ல சான் லொரென்சோ 19 மேட்ச்ல 47 பாயிண்ட் எடுத்து லீக் ஜெயிச்சுது. அதே வருசம் கோப்பா மெர்கோசூர்னு தென் அமெரிக்க கிளப்புகளுக்கான கப், அதுக்க ஃபைனல் ரெண்டாம் லெக் (ரெண்டாவது மேட்ச்), டிசம்பர்ல நடக்க வேண்டியது, நாடே பேங்க மூடி தெருவுல எறங்கி கலவரமா கிடந்ததால ஜனவரிக்கு தள்ளி போச்சு, அதையும் பெனால்டியில ஜெயிச்சாங்க. அடுத்து ரிவர் பிளேட்ல 2003ல ஒரு லீக். ஐரோப்பாவுக்கு வரும்போ அவருக்கு வயசு 50. நீ 27ல லேட் ஆயிட்டுதான்னு கேக்க.

மிச்சம் அடுத்த போர்ட்டு வந்ததும் எழுதுறேன், டியூட்டிக்கு கூப்பிடுறான்.


குளச்சல்_நீலவெள்ளை:

பெல்லக்ரினி எல்லாம் செரி, ஆனா டிஃபெண்டர் கோச்னா மொதல்ல ஸ்கலோனி பேர சொல்லாம எப்பிடி அண்ணே 😡 நாங்க கடப்புறத்துல கட்டவுட்டு வச்சு பால் ஊத்தினது மறந்துட்டா

லியோனல் ஸ்கலோனி, ரைட் பேக். ஸ்பெயின்ல டெபோர்டிவோ லா கொருன்யாவுல 1999-2000 லீக் ஜெயிச்ச டீம்ல இருந்தவரு. அர்ஜென்டினாவுக்கு ஆடினது மொத்தமே 7 மேட்ச்தான். 2006 எஃப்ஏ கப் ஃபைனல் வீடியோ பாருங்க, வெஸ்ட் ஹாம் 3-2ன்னு ஜெயிச்சிட்டு நிக்குது, ஸ்கலோனி அடிச்சு தள்ளின பந்து நேரா போய் ஜெரார்டுகிட்ட விழுந்து, அந்த மூவ் முடியும்போ ஜெரார்டு தூரத்துலருந்து ஒரே அடி, 3-3, பெனால்டியில லிவர்பூல் கப்ப தூக்கிட்டு. அப்பிடி ஒரு கிளியரன்ஸ் பண்ணின ஆளுதான் 2021ல மரக்கானாவுல அர்ஜென்டினா கோச்சா பிரேசில 1-0 அடிச்சு கோப்பா அமெரிக்கா கப், 2022ல வேர்ல்டு கப், 2024ல திரும்ப கோப்பா. 2018ல அவர போட்டப்ப மரடோனாவே இவனுக்கு டிராஃபிக் நிப்பாட்டக்கூட தெரியாதுன்னாரு. 2022 வேர்ல்டு கப்புக்கு வந்த கோச்சுங்கள்லேயே வயசு கம்மி அவருக்குதான், 44. பெஞ்சுல கூட யாரு உக்காந்திருக்கான்னு பாருங்க, வால்டர் சாமுவேல், ராபர்டோ அயாலா, ரெண்டும் ஸ்டாப்பர். ஐமர் மட்டும்தான் பந்து களிக்க தெரிஞ்ச ஆளு 😂

அந்த வேர்ல்டு கப் மொத மேட்ச்ல சவுதிகிட்ட தோத்த அன்னைக்கு எனக்க தங்கச்சி கூட சோறு தரல, அத விடுங்க. மேட்டர் என்னன்னா தோத்த அடுத்த மேட்ச்லேயே அஞ்சு பேர மாத்தினாரு, பிறகு என்சோவையும் மக் அல்லிஸ்டரையும் உள்ள நிரந்தரமா போட்டாரு, பேர் பெருசுன்னு யாரையும் வச்சிட்டு இருக்கல. ஃபைனல்ல டி மரியாவ லெஃப்ட்ல போட்டாரு பாருங்க, பிரான்ஸ்காரன் முழிச்சிட்டு நின்னான்.


மார்த்தாண்டம்_சந்தை:

எல்லாரும் தம்பிய ஏத்தி விடாதீங்க. நான் கொஞ்சம் எதிரா பேசுறேன், கோவப்படாதீங்க.

பெல்லக்ரினிக்கு ரியல் மாட்ரிட்ல ரொனால்டோ, காகா, பென்சிமா, சாபி அலோன்சோ எல்லாரையும் ஒரே வருசத்துல வாங்கி குடுத்தான். என்ன ஜெயிச்சாரு? ஒண்ணும் இல்ல. அல்கார்கோன்னு ஒரு மூணாம் டிவிஷன் டீம்கிட்ட 4-0 வாங்கினாரு, 2009 அக்டோபர். சாம்பியன்ஸ் லீக்ல லியோன்கிட்ட வெளிய. வருசம் முடிஞ்சதும் அனுப்பிட்டான். மான்செஸ்டர் சிட்டியில லீக் ஜெயிச்சாருன்னா அங்க பைசா அப்பிடி. அந்த டீம வச்சு நம்ம ஊர் பங்கு பேரவை தலைவர் கூட ரெண்டாவதா வந்திருவாரு.

இன்னொண்ணு, நல்ல டிஃபெண்டர்னா நல்ல கோச்னு ஒண்ணும் இல்ல. பாசரெல்லாவ எடுங்க. 1978ல அர்ஜென்டினாவுக்கு கப்ப வாங்கின கேப்டன், ஸ்டாப்பரா இருந்துட்டு ஃபார்வர்டு மாதிரி கோல் அடிச்சவரு. கோச்சா வந்து என்ன சட்டம் போட்டாரு தெரியுமா, நீள முடி வச்சவன் டீம்ல வேண்டாம். ரெடோண்டோ முடி வெட்ட மாட்டேன்னு போயிட்டாரு, 98 வேர்ல்டு கப்ல அப்பிடி ஒரு மிட்ஃபீல்டர் இல்லாம ஆடி குவார்ட்டர்ல ஹாலந்துகிட்ட கடைசி நிமிசத்துல பெர்க்கேம்ப் கோல்ல வெளிய. பிறகு ரிவர் பிளேட்டுக்கு பிரசிடெண்டா இருக்கும்போ 2011ல அந்த கிளப்பு மொத தடவை கீழ எறங்கிச்சு. முடி வெட்டுறதுலயே நிக்கிற கோச் நம்ம மாவட்டத்துலயும் நெறைய உண்டு, பேர் சொல்லல.

ஷார்ஜா போ தம்பி. ரெண்டு வருசம் சம்பாதிச்சிட்டு வந்து கோச்சிங் பண்ணு. கிரவுண்டு எங்கயும் ஓடி போகாது.


வள்ளவிளை_பெரியண்ணன்:

போர்ட்டு வந்தாச்சு. சந்தை தம்பி சொன்னதுல பாதி சரி, பாதிய விட்டுட்டாரு.

மாட்ரிட்ல ஒண்ணும் ஜெயிக்கலங்கியரு, லீக்ல 96 பாயிண்ட் எடுத்தாரு ஓய். அந்த கிளப்பு அதுவரைக்கும் அவ்வளவு எடுத்ததே இல்ல. பார்சிலோனா 99 எடுத்ததுக்கு இவரு என்ன செய்வாரு? ராபனையும் ஸ்னைடரையும் விக்காதீங்கன்னு இவரு சொல்லியும் வித்தானுவ, அந்த ரெண்டு பேரும் அதே சீசன் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல எதிரெதிரா ஆடினானுவ, அதுவும் மாட்ரிட்டுக்க சொந்த கிரவுண்டுலயே. அல்கார்கோன் மட்டும் மறைக்க முடியாது, அது அசிங்கம்தான், ஒத்துக்கிறேன்.

ஆனா நீங்க பெரிய ஊரையே பாக்கியரு. வியாரியால பாருங்க. ஸ்பெயின்ல டைல்ஸ் ஃபேக்டரி இருக்க ஊரு, ஜனத்தொகை சுமார் 50,000, நாகர்கோவிலுக்கு கால்வாசி வராது. 1998லதான் அந்த கிளப்பு முதல் டிவிஷனுக்கே வந்துது. 2004ல இவரு போறாரு, மொத சீசன்லயே மூணாம் இடம், ஃபோர்லான் 25 கோல். 2006ல சாம்பியன்ஸ் லீக் செமி ஃபைனல். ஆர்சனல்கிட்ட 1-0 பின்னால, ரெண்டாம் லெக் முடியப்போற நேரம் பெனால்டி கிடைக்குது, ரிக்கெல்மே அடிக்கிறான், லேமன் பிடிச்சிட்டான். அத போட்டிருந்தா எக்ஸ்ட்ரா டைம். எனக்கு அது இன்னும் நெஞ்சுல கிடக்கு, நான் அன்னைக்கு கொச்சியில டிரெய்னிங்ல இருந்தேன், ஹாஸ்டல் டிவிய ஒருத்தன் ஆஃப் பண்ணிட்டான், யாரும் பேசல. அந்தே ரிக்கெல்மே பிற்பாடு சொல்பேச்சு கேக்கலன்னதும் அவ்வளவு பெரிய ஆட்டக்காரன பெல்லக்ரினி டீமுக்கு வெளிய வச்சாரு, அவன் போகா ஜூனியர்ஸுக்கு போனான். எல்லாரும் வியாரியால் கதை முடிஞ்சுதுன்னானுவ. அடுத்த சீசன் 2007-08ல அந்த டைல்ஸ் ஊரு லீக்ல ரெண்டாவது, பார்சிலோனாவுக்கு மேல. பாசரெல்லா முடிக்கு ஆள வெளிய வச்சாரு, இவரு டீமுக்கு உழைக்காததுக்கு வச்சாரு, ரெண்டும் ஒண்ணா?

மலாகான்னு இன்னொரு ஸ்பெயின் கிளப்புக்கு கோச்சா இருந்ததையும் சொல்லிருறேன். கத்தார் ஷேக் வந்து பைசாவ கொட்டினான், 2012ல திடீர்னு கைய மடக்கிட்டான், சம்பளம் வரல, காசோர்லாவ வித்தாச்சு. மிச்சம் இருந்தவனுங்களையும் இஸ்கோன்னு ஒரு பொடியனையும் வச்சு சாம்பியன்ஸ் லீக்ல குரூப்ல மிலானுக்கு மேல மொத இடம், குவார்ட்டர் வரைக்கும். அந்த குவார்ட்டர் ரெண்டு லெக்குக்கும் நடுவுல அவருக்க அப்பா இறந்துட்டாரு. சிலிக்கு பறந்து அடக்கம் பண்ணிட்டு திரும்பி வந்து டோர்ட்மண்டுக்கு எதிரா பெஞ்சுல நிக்காரு. 90 நிமிசம் வரைக்கும் 2-1 முன்னால. அதுக்கு மேல இஞ்சுரி டைம்ல ரெண்டு கோல் விழுந்துட்டு, கடைசி கோல் ஆஃப்சைடு, கொடி ஏறல. நான் சந்தை தம்பி மாதிரி கோப்பைய மட்டும் எண்ணினா இந்த மேட்ச் கணக்குலேயே வராது.

சிட்டிக்கு பைசா இருந்துது, மறுக்கல. ஆனா 2013-14ல லீக்ல மட்டும் 102 கோல், ஸ்டாப்பரா இருந்தவனுக்க டீம் அடிச்சது. ஐரோப்பாவுக்கு வெளிய பிறந்து அந்த பிரிமியர் லீக ஜெயிச்ச மொத கோச் அவருதான். 2016 பிப்ரவரி 1ம் தேதி, சீசன் பாதியில, எனக்கு பதிலா கார்டியோலா வாறாருன்னு பிரஸ் மீட்ல அவரே சொல்லிட்டு எழும்பி போனாரு. அந்த மாசமே லீக் கப் ஜெயிச்சாரு. 2020லருந்து ஸ்பெயின்ல பெட்டிஸ் கிளப், 2022ல கோப்பா டெல் ரேங்கிற ஸ்பெயின் கப், அப்ப வயசு 68. மலாகாவுல பொடியனா இருந்த இஸ்கோவ, கிளப்பே இல்லாம சும்மா இருந்தவன, 2023ல திரும்ப கூப்பிட்டு ஆட வச்சாரு. 2025ல அந்த கிளப்ப மொத தடவை ஒரு ஐரோப்பிய ஃபைனலுக்கு கொண்டு போய் செல்சிகிட்ட 4-1 தோத்தாரு. அதுவும் தோல்விதான், எழுதி வச்சுக்கோங்க.

தம்பி, உனக்க கூட்டாளிங்ககிட்ட ஒண்ணு கேளு. ஸ்டாப்பர் நிக்கிற எடத்துலருந்து தான் பத்து பேருக்க முதுகும் தெரியும். யாரு திரும்பி ஓடி வரல, யாரு சும்மா கை காட்டிட்டு நிக்கான், எல்லாம் நீதான் பாத்துட்டு இருந்த. மேட்ச் முழுக்க அதிகமா கத்தினது யாரு?


இரயுமன்துறை_பி.டி.டீச்சர்:

தம்பி, பெரிய கதை எல்லாம் அண்ணன் சொல்லியாச்சு. நான் நடக்குற காரியத்த சொல்லுறேன்.

வேலைய விடாதீங்க. இங்க பிள்ளைங்களுக்கு சொல்லி குடுத்து கிடைக்கிற பைசாவுல பந்து வாங்கவே காணாது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்க லைசென்ஸ் படி படியா இருக்கு, கீழ இருந்து டி, சி, பி, ஏ, பிறகு ப்ரோ. டி கோர்ஸ் சில நாள்ல முடியுறது, லீவு போட்டு போயிட்டு வரலாம், அறிவிப்பு வந்ததும் உடனே பேர் குடுக்கணும், எடம் நிறைஞ்சிரும். அதுக்கு முன்னால பிள்ளைங்க கூட ஒரு ஆறு மாசம் நில்லுங்க. ஆட்டக்காரனா நிக்கிறது வேற, எட்டு வயசு பிள்ள அழுதா என்ன செய்யணும்ங்கிறது வேற. நான் மொதல்ல போனப்ப விசில் ஊதிட்டே இருந்தேன், ஒரு பிள்ள வந்து டீச்சர் காது வலிக்குதுன்னு சொல்லிச்சு, அன்னையோட விசில பையில போட்டாச்சு.

நம்ம பக்கம் ஆட்டக்காரனுக்கு பஞ்சம் இல்ல, இரவிபுத்தன்துறையிலருந்து சூசைராஜ் ஐஎஸ்எல் வரைக்கும் போயிருக்காரு, சந்தோஷ் டிராபிக்கு எத்தன பிள்ளைங்க. ஆனா கீழ் வயசுல முறையா சொல்லி குடுக்க ஆள் கம்மி. எல்லாரும் மணல்ல தானா படிச்சு வந்தவங்க. பொம்பள பிள்ளைங்களுக்கு கேக்கவே வேண்டாம், 14 பேர் வந்தினும், ஆறு பேருக்குதான் பூட்ஸ் இருக்கு.

இன்னொண்ணு, நீங்க சிவில். எங்க கிரவுண்டுல மழை பெய்ஞ்சா வடக்கு கோல் போஸ்ட் பக்கம் தண்ணி கட்டி கிடக்கும். ஜூன், ஜூலை மீன்பிடி தடைக்காலத்துல மீன்பிடி போட்டு எல்லாம் கரையில, ஆளெல்லாம் ஊர்ல, அப்ப பாத்து கிரவுண்டு குளம். எந்த பக்கம் சரிவு விட்டு எப்பிடி வடிய வைக்கணும்னு ஒருத்தனும் பாத்து சொல்லல. அத வந்து பாருங்க மொதல்ல.


மார்த்தாண்டம்_சந்தை:

டீச்சர் சொன்னது கொள்ளாம். வேலைய விடாம பண்ணுறதுன்னா எனக்கு ஒரு எதிர்ப்பும் இல்ல. ஆனாலும் அல்கார்கோன் 4-0 😏


பூத்துறை_நாலாம்நம்பர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு நாளா இதையே திரும்ப திரும்ப வாசிச்சிட்டு இருக்கேன், சைட்டுல சூப்பர்வைசர் ஃபோன பிடுங்காத குறை.

பெரியண்ணே, அந்த பொடியன விசாரிச்சேன். சின்னத்துறை. அவனுக்க அப்பாவும் எங்க அப்பாவும் ஒரே போட்டுல தங்கல் போயிருக்காங்களாம், அப்பாகிட்ட சொன்னதும்தான் தெரிஞ்சுது. அப்பா சிரிச்சாரு, எத்தன மாசத்துக்கு பிறகு. கத்தினது யாருன்னு கேட்டீங்கல்லா, எங்க கோலிகிட்ட கேட்டேன், உனக்க வாய் சத்தத்துல எனக்கு பந்து வாற சத்தமே கேக்காதுன்னான்.

சந்தை அண்ணே, நீங்க சொன்னதும் மனசுல இருக்கு. விசாவுக்கு மாமாகிட்ட ஆறு மாசம் டைம் கேட்டிருக்கேன், அம்மாவுக்கு இன்னும் சொல்லல.

டீச்சர், வாற ஞாயிறு பூசை முடிஞ்சு வந்தா செரியா இருக்குமா? சைட்டுலருந்து லெவல் பாக்குற டியூப் கொண்டு வாறேன். வேற என்ன வேணும்?


இரயுமன்துறை_பி.டி.டீச்சர்:

பத்து மணிக்கு வாங்க, அதுக்கு முன்னால வந்தா கிரவுண்டுல வலை காயப்போட்டிருப்பினும். மம்பட்டி இங்க இருக்கு. பிள்ளைங்களுக்கு பழைய பூட்ஸ் யாருகிட்டயாவது கிடைச்சா கொண்டு வாங்க, சைஸ் 3, 4.


குளச்சல்_நீலவெள்ளை:

சைஸ் 4 ஒரு ஜோடி எங்கிட்ட இருக்கு, நீலவெள்ளைதான், பரவாயில்லையா டீச்சர் 😄